மலைச் சங்கங்களும் கணினிப் புதுப்பிப்பும்

பலர் தனித்தனியே தாங்க இயலாத சுமையை ஒன்றுகூடித் தாங்குவதே கூட்டுறவு என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1904-ஆம் ஆண்டில் கடன் சங்கச் சட்டம் பிறந்து, அதே ஆண்டில் திரூரில் கிராமக் கடன் சங்கம் தோன்றிய நாள் தொட்டு, கடன், விதை, உரம், நூல், விற்பனை ஆகிய அனைத்திலும் இம்முறையைக் கையாண்டு வந்திருக்கிறோம். ஆனால் சங்க அலுவலகத்தின் மேசைமீது வந்தமர்ந்த கணினியின் விஷயத்தில் மட்டும் இக்கொள்கையை மறந்துவிட்டோம். ஐந்து கணினிகள் இருந்தால் அவ்வைந்தையும் ஐந்து தனிக் குடித்தனங்களாகவே நடத்துகிறோம். இதனால் விளையும் இடர் சமவெளியில் சிறிது, மலையில் பெரிது. கொல்லிமலையில் நாம் கண்டதை முன்வைத்து, இதற்கொரு மாற்று முறையை அங்கத்தினர்களும் நிர்வாகக் குழுவினரும் ஆராய வேண்டுமென்று கேட்டுக்கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நிகழ்ந்ததைக் கூறுவோம். சில ஆண்டுகளுக்கு முன் மலைமேலுள்ள கூட்டுறவு அலுவலகம் ஒன்றிற்கு ஆய்வின்பொருட்டுச் சென்றிருந்தோம். பெயர் வேண்டா, குறை ஓர் அலுவலகத்திற்கு மட்டும் உரியதன்று. அன்று பலருக்குப் பயிர்க்கடனின் கடைசித் தவணை நாள். உரிய நாளில் திருப்பிச் செலுத்துவோர்க்கு நம் மாநிலத்தில் பயிர்க்கடனுக்கு வட்டி இல்லை. நாள் தவறினால் வட்டி உண்டு. மரவள்ளி பயிரிட்டிருந்த முதியவர் ஒருவர் தம் சிற்றூரிலிருந்து விடியற்காலையிலேயே நடந்து வந்து, வேட்டி மடிப்பில் பணத்தை முடிந்துகொண்டு காத்திருந்தார். கணினித் திரையிலோ, "புதுப்பிப்பு நடைபெறுகிறது, கருவியை அணைக்க வேண்டாம்" என்னும் அறிவிப்பு நின்றது. நண்பகல் ஆயிற்று, அறிவிப்பு மாறவில்லை.

பெரியவர் எழுத்தராக இருந்த பெண்ணிடம் வந்தார். "ஏன் கண்ணு, எழுபது வளைவு ஏறி வர்ற பஸ்ஸுக்குக்கூட வந்து சேர்ற நேரம் இருக்குது. இந்தப் பெட்டிக்கு மட்டும் நேரமே கிடையாதா?" என்று கேட்டார்.

"எனக்கும் தெரியல தாத்தா. நடுவுல அணைச்சா கெட்டுப்போயிடும்னு சொல்லியிருக்காங்க. கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்றாள் அவள்.

பிற்பகலில் மின்சாரம் நின்றது. கணினியோடு இணைந்திருந்த பழைய பாட்டரியும் சில நிமிடங்களில் ஓய்ந்தது. மின்சாரம் மீண்டபோது கணினி மீளவில்லை. ஏனைய கணினிகளில் ஒன்று முன்பே பழுது. மற்றவற்றில் கணக்கு மென்பொருளின் பழைய பதிப்பு இருந்தமையால் வரவு வைக்க இயலவில்லை. செயலாளர் நல்லவர்; கையால் எழுதிய இரசீது ஒன்றைத் தேதியிட்டுக் கொடுத்துப் பணத்தைப் பெற்றுக்கொண்டார். கருவி செப்பனிடுவோர் கீழிருந்து வந்து சேர நான்கு நாட்கள் ஆயின. ஐந்தாம் நாள் பதிவு செய்யப்பட்ட அப்பணத்திற்குக் கணினி தன் கடமை தவறாமல் வட்டி கணக்கிட்டது. அவ்வட்டியை நீக்குவதற்கு மூன்று கடிதங்கள் எழுத நேர்ந்தது.

இதில் நமது பங்கும் உண்டு. முந்திய ஆண்டின் ஆய்வுக் குறிப்பில், "கணினிகளின் புதுப்பிப்பு நிலுவையில் உள்ளது, உடனே சரிசெய்க" என்று ஒரே வரி எழுதிக் கையொப்பமிட்டவர் நாமே. எவ்வாறு சரிசெய்வது, யார் செய்வது, எந்த நேரத்தில் செய்வது என்று எழுதவில்லை. ஆணை பிறந்தது, வழி பிறக்கவில்லை. அந்த வழியைத் தேடி நாம் கற்றறிந்தவற்றையே இனிக் கூறுகிறோம்.

"அப்படியாயின் புதுப்பிக்காமலே விட்டால் என்ன?" என்று சிலர் வினவுவர். விடலாகாது. கணினியின் மென்பொருளில் நாள்தோறும் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படுகின்றன. புதுப்பிப்பு என்பது அவ்வோட்டைகளை அடைக்கும் வேலை. 2017-ஆம் ஆண்டு மார்ச் 14-ஆம் நாள் விண்டோஸ் மென்பொருளின் ஓர் ஓட்டைக்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் அடைப்பை வெளியிட்டது. அதை இட்டுக்கொள்ளாத கணினிகளை அவ்வாண்டு மே 12-ஆம் நாள் 'வான்னாகிரை' என்னும் தீநிரல் தாக்கியது. ஏறத்தாழ 150 நாடுகள் அல்லலுற்றன. பிரிட்டனில் பொது மருத்துவமனைகளே நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. நம் நாட்டிலும் 2024 ஜூலை இறுதியில், சிறு வங்கிகளுக்கு மென்பொருட் சேவை அளிக்கும் நிறுவனம் ஒன்று இத்தகைய பிணைத்தொகைத் தாக்குதலுக்கு ஆளானபோது, ஏறக்குறைய 300 கூட்டுறவு, கிராம வங்கிகளின் பணப்பரிமாற்றம் தற்காலிகமாகத் துண்டிக்கப்பட்டது. ஆகவே தீங்கு நம்மை நாடி மலையேறி வராது என்று எண்ணியிருப்பது அறிவுடைமை ஆகாது.

புதுப்பிக்காமலும் இருக்க முடியாது. ஒவ்வொன்றாகப் புதுப்பிப்பதும் மலையில் இயலாது. இவ்விரண்டிற்கும் இடையே வழி உண்டு. ஒரு சங்கத்தில் ஒரே ஒரு நல்ல கணினியை 'சர்வர்' ஆக வைத்துக்கொள்வதும், ஏனைய மேசைகளில் 'தின் கிளையன்ட்' எனப்படும் எளிய முனைக் கருவிகளை வைப்பதுமே அவ்வழி.

நெசவாளர்க்கு இதை விளக்குவது எளிது. ஒவ்வொரு தறிக்காரரும் தம் வீட்டிலேயே தனித்தனியாகப் பாவு ஓட்டிக்கொண்டால் இழை எண்ணிக்கை ஒருவருக்கு ஒருவிதமாக அமையும். பிழை எங்கே நேர்ந்தது என்று காண்பதும் அரிது. சங்கமே ஓரிடத்தில் பாவு ஓட்டித் தறிதோறும் கொடுத்தால் எல்லாச் சேலையும் ஒரே அளவில் வரும். பிழை நேரினும் திருத்த வேண்டிய இடம் ஒன்றே. சர்வர் என்பது அப்பொதுப் பாவு போன்றது. முனைக் கருவி தறி போன்றது.

இதன் இயக்கம் பின்வருமாறு. முனைக் கருவியில் தகவல் சேமிக்கும் வட்டு இல்லை. திரை, விசைப்பலகை, சிறிது நினைவகம் இவையே உண்டு. காலையில் அதன் விசையைத் தட்டியதும், வலையமைப்பை நோக்கி, "என் முகவரி யாது? எனக்குரிய கோப்புகள் எங்கே உள்ளன?" என்று அது வினவும். சர்வர் முகவரி கொடுத்து, கோப்புகள் இருக்கும் இடத்தையும் கூறும். முனைக் கருவி அங்கிருந்து இயங்குதளத்தைத் தன் நினைவகத்தில் ஏற்றிக்கொண்டு வேலை தொடங்கும். அனைத்தையும் ஒருசேர அள்ளிக்கொள்வதில்லை. நூலகத்தில் வேண்டிய ஏட்டை மட்டும் எடுத்துப் படிப்பதுபோல், தேவையான கோப்பைத் தேவையான பொழுதில் பெற்றுக்கொள்ளும். இவ்வாறு கோப்புகளை வலைவழியே பகிரும் முறையைச் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984-ஆம் ஆண்டிலேயே வகுத்தது. 1999-இல் அமெரிக்காவில் தொடங்கிய 'லினக்ஸ் டெர்மினல் சர்வர் திட்டம்' இம்முறையை விலையின்றி யாவருக்கும் கிடைக்கச் செய்தது. மாலையில் சர்வரில் உள்ள ஒரு பிரதியைப் புதுப்பித்துவிட்டால், மறுநாட் காலையில் எல்லா முனைகளும் புதியதையே பெற்று எழும்.

முனைக் கருவிகளில் வேறொரு வகையும் உண்டு. அவற்றுள் சிறியதோர் இயங்குதளம் நிலையான நினைவகத்தில் எழுதப்பட்டிருக்கும். கருவி எழும்போது கோப்புச் சர்வரிடம் சென்று பதிப்பெண்ணை ஒப்பிட்டுப் பார்க்கும். புதிது இருந்தால் இறக்கித் தன்னுள் எழுதிக்கொள்ளும். 'வைஸ்' நிறுவனத்தின் கருவிகள் இவ்வாறு செயற்பட்டுப் பெயர்பெற்றவை. சமவெளியின் பெரிய அலுவலகங்களுக்கு இது மிகவும் உகந்தது. ஆனால் எழுதிக்கொண்டிருக்கும் அச்சில நிமிடங்களில் மின்சாரம் நின்றால், பாதி எழுதிய கருவி மறுமுறை எழாமலே போகக்கூடும். காற்றும் மழையும் மிகுந்த நாட்களில் கொல்லிமலையில் மின்சாரம் எப்போது நிற்கும் என்று கூற இயலாது. ஆகவே மலைச் சங்கங்களுக்கு முதலில் கூறிய, தன்னுள் எதையும் எழுதிக்கொள்ளாத வகையே ஏற்றது என்பது நமது துணிபு. அவ்வகையில் மின்சாரம் நின்றால் முனைக்கு இழப்பில்லை. மீண்டும் விசையைத் தட்டினால் போதும். இரண்டாம் வகையையே வாங்க நேர்ந்தால், பாட்டரி முழு வலிமையுடன் இருக்கும் நேரத்தில், ஒரு முறைக்கு ஒரு கருவியாகப் புதுப்பிக்கவேண்டும்.

மலையைப்பற்றி இத்துணை வற்புறுத்துவானேன் என்று கேட்கலாம். காரவள்ளியிலிருந்து மேலேற 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன என்பது யாவரும் அறிந்ததே. மேலே நாடுகள் என வழங்கும் ஊர்த் தொகுதிகள் மேடும் பள்ளமுமாகப் பரந்து கிடக்கின்றன. மிளகும் காப்பியும் அன்னாசியும் மரவள்ளியும் விளைவிக்கும் மலையாளிப் பழங்குடி மக்களுக்குச் சங்கத்தை நாடி வருவதே ஒரு நாள் வேலை. வேலை முடியாமல் திரும்பினால் இரண்டு நாட் கூலி போயிற்று. பழங்குடி மக்களுக்கு ஒரே கூரையின்கீழ்க் கடன், இடுபொருள், விற்பனை ஆகிய மூன்றும் கிடைக்கவேண்டுமென்று 1971-இல் பாவா குழு பரிந்துரைத்ததன் கருத்து, அவர்களுடைய நடையைக் குறைப்பதே அன்றோ? கணினி அந்நடையை இரட்டிப்பதாயின் நாம் முன்னேறவில்லை.

இணைய இணைப்பையும் கருதவேண்டும். ஐந்து கணினிகள் ஒரே புதுப்பிப்பை ஐந்து முறை தனித்தனியே மெல்லிய இணைப்பின் வழியாக இழுத்தால், அன்று முழுதும் வேறு வேலை நடவாது. சர்வர் ஒரு முறை மட்டும், அலுவலகம் மூடிய பின்னர், இறக்கிக்கொண்டால் போதும். தொலைவிலுள்ள கிளைக்கு இணைப்புப் போதாதாயின், புதிய பிரதியைச் சிறிய சேமிப்புக் கருவியில் ஏற்றிப் பேருந்தில் செல்லும் ஊழியரிடம் கொடுத்தனுப்பலாம். கிளையிலுள்ள சிறு சர்வர் அதை ஏற்றுக்கொள்ளும்.

இதற்கு எதிராகக் கூறப்படும் வாதங்களுள் வலியது ஒன்று. "ஒன்று விழுந்தால் எல்லாம் விழுமே, ஐந்து தனிக் கணினிகளில் ஒன்று கெட்டால் நான்கு மிஞ்சும், உமது முறையில் ஒன்றும் மிஞ்சாதே" என்பர். இது மெய்யே, இதை மறைப்பது முறையன்று. ஒரே புதுப்பிப்பு எல்லாக் கருவிகளையும் ஒருசேரச் சென்றடைவதன் தீமையையும் உலகம் கண்டிருக்கிறது. 2024 ஜூலை 19-ஆம் நாள் கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பு ஒன்றால் ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகள் முடங்கின; விமான நிலையங்களில் மக்கள் தவித்தனர். ஆகவே சர்வர் வைப்பது மட்டும் போதாது. அதைக் காக்கும் ஒழுங்கும் உடன் வேண்டும். அவ்வொழுங்கை நாம் பின்வருமாறு கருதுகிறோம்.

முதலாவது, சர்வர் இரண்டு வேண்டும். ஒன்று வேலை செய்ய, மற்றொன்று அதன் நகலாக எப்போதும் எழத் தயாராக நிற்கவேண்டும். ஐந்தாறு முனைகளே உள்ள சங்கத்திற்கு மிகப் பெரிய இயந்திரம் தேவையில்லை. முனைகள் தம் கணக்கீட்டைத் தாமே செய்துகொண்டு கோப்புகளை மட்டும் சர்வரிடமிருந்து பெறும் ஏற்பாட்டில், தரமான மேசைக் கணினியே சர்வராக இருக்கப் போதும்.

இரண்டாவது, புதிய பதிப்பை உடனே எல்லார்க்கும் வழங்கலாகாது. ஒரு முனைக்கு மட்டும் ஒரு வாரம் கொடுத்துப் பார்க்கவேண்டும். அப்போது பாஸ்புக் அச்சிடும் கருவியும் விரல்ரேகைக் கருவியும் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று கட்டாயம் சோதிக்கவேண்டும். திரை எழுந்துவிட்டது என்று மகிழ்ந்து, அச்சுக்கருவி பேசாமலிருப்பதைத் தவணை நாளில் கண்டறிவது பேதைமை.

மூன்றாவது, பழைய பதிப்பை அழிக்கலாகாது. தனியொரு கோப்புறையில் வைத்திருந்தால், புதியது தவறினும் சில நிமிடங்களில் பழையதற்குத் திரும்பலாம்.

நான்காவது, முனைகள் சர்வரில் உள்ள இயங்குதளக் கோப்புகளைப் படிக்கலாமேயன்றி எழுதலாகாது. ஊர்ப் பொதுக் கிணற்றில் யாவரும் நீர் எடுக்கலாம். எவரும் எதையும் கொட்டலாகாது. வெளியிலிருந்து வரும் பிரதியின் மூலத்தையும் அதன் கையொப்பத்தையும் சரிபார்த்த பின்னரே ஏற்கவேண்டும். கிணறு ஒன்றாகும்போது அதன் காவலும் கடுமையாதல் வேண்டும்.

ஐந்தாவது, மின்சாரமும் இடியும். சர்வருக்கும் வலைப்பின்னற் பெட்டிக்கும் தனிப் பாட்டரியும், முறையான நிலத்தொடர்பும், இடிகாப்பும் வேண்டும். இச்செலவை வீண் என்று வெட்டுவோர் முதற் கோடை மழையில் அதனினும் பெருஞ்செலவைச் சந்திப்பர்.

ஆறாவது, சர்வரின் கடவுச்சொல் ஒருவர் தலையில் மட்டும் இருத்தலாகாது. அதை உறையிலிட்டு முத்திரை வைத்துச் சங்கத்தின் இரும்புப் பெட்டியில் வைக்கவேண்டும். திறந்த நாளையும் திறந்தவரையும் தீர்மானப் புத்தகத்தில் பதிய வேண்டும். பணப்பெட்டியின் சாவியை எவ்வாறு காக்கிறோமோ அவ்வாறே இதையும் காக்கவேண்டும். சர்வரை ஆள்பவரே சங்கத்தை ஆள்பவராக ஆகிவிடக்கூடாது. அங்கத்தினரால் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவே ஆளவேண்டும்.

பணத்திற்கு எங்கே போவது என்ற வினா எழும். 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மத்திய அமைச்சரவை, நாட்டிலுள்ள 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. ஒரு சங்கத்திற்கு ஏறத்தாழ 3.91 இலட்சம் ரூபாய் எனக் கணக்கிடப்பட்டது. இத்திட்டத்தில் கணக்கு மென்பொருள் பொதுவானது. அது தொலைவிலுள்ள நடுவிடத்தில் இயங்குகிறது. சங்கத்தின் மேசைமீதுள்ள கருவி, அந்நடுவிடத்தைக் காணும் சாளரமாக இருந்தால் போதும். சாளரத்திற்கு வலிய பெட்டகம் எதற்கு? எளிய முனையே போதாதா?

மேலும் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் அளித்துவந்த பொதுவான ஆதரவு முடிவுற்றது. பழைய கணினிகள் பல, அடுத்த பதிப்பை ஏற்கும் தகுதி அற்றவை. அவற்றை எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு கணம் சிந்திக்கவேண்டும். வட்டைக் கழற்றிவிட்டு, வலைவழியே எழும்படி அமைத்தால் அவையே முனைக் கருவிகளாக இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். இதற்குக் கட்டற்ற லினக்ஸ் மென்பொருள் உள்ளது. நம் சென்னையிலுள்ள சி-டாக் மையம் உருவாக்கிய 'பாஸ்' என்னும் லினக்ஸ் பதிப்பும் உண்டு. அது தமிழிலும் இயங்கும். முனைக் கருவி நம் நாட்டிற்குப் புதிதன்று. சென்னையில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா போன்றோரின் முயற்சியால் தோன்றிய நோவேஷியம் நிறுவனம், 2000-களின் நடுவிலேயே இத்தகைய கருவியை வீடுகளுக்குக் கொண்டுசெல்ல முனைந்தது. அது வீட்டுக்கு வீடு இணைப்பை வேண்டிய பெருமுயற்சி. நாம் கூறுவதோ ஒரே கூரையின்கீழ் ஒரு கம்பியின் நீளத்தில் முடியும் சிறுமுயற்சி.

எனினும் கருவி வாங்குவது எளிது. ஆளை உருவாக்குவதே அரிது. செப்பனிடுபவர் ஒவ்வொரு முறையும் கீழிருந்து வரவேண்டுமாயின் சர்வர் வைத்தும் பயனில்லை. மலையிலேயே பிறந்து, தொழிற்பயிற்சியோ பட்டயமோ பெற்று, வேலை தேடித் திருப்பூருக்கும் நாமக்கல்லுக்கும் இறங்கிச் செல்லும் இளைஞர்களும் பெண்களும் பலர் உள்ளனர். அவர்களுள் இருவரைத் தேர்ந்து, சர்வரைப் புதுப்பிக்கவும், பழுதுற்றால் இரண்டாம் சர்வருக்கு மாற்றவும், நகல் எடுக்கவும் பயிற்றுவிக்கவேண்டும். அவ்வேலைக்கு மதிப்பூதியம் தருதல் வேண்டும். 'ஊருக்கு உழைக்கிறாய்' என்று புகழ்ந்து வெறுங்கையோடு அனுப்புதல் கூட்டுறவு அன்று.

துறையின் மேலோர்க்கும் ஒரு விண்ணப்பம். சமவெளிச் சங்கத்திற்கும் மலைச் சங்கத்திற்கும் ஒரே கருவிப் பட்டியலை அனுப்புதல் வேண்டா. கொல்லிமலை, கல்வராயன்மலை, ஏற்காடு, சவ்வாதுமலை ஆகியவற்றிற்கெனத் தனி மாதிரி ஒன்றை வகுத்து, அதில் இரண்டாம் சர்வரையும், பாட்டரியையும், உள்ளூர் ஆளின் பயிற்சியையும் சேர்க்கவேண்டும். முதலில் ஒரு சங்கத்தில் ஓராண்டு நடத்திப் பார்த்து, அதன் வரவு செலவையும் குறைநிறைகளையும் இவ்விதழ் போன்றவற்றில் வெளியிட வேண்டும். அடிவாரத்திலுள்ள இராசிபுரம் போன்ற ஊர்களின் நெசவாளர் சங்கங்களும் அதைக் கண்டு தமக்கேற்றதைக் கொள்ளலாம்.

அதுவரை ஆய்வாளர்களாகிய நாம் செய்யத்தக்கது ஒன்று உண்டு. தவணை முடியும் வாரத்தில் எந்தக் கணினியையும் புதுப்பிக்கலாகாது என்று ஒவ்வொரு சங்கமும் தீர்மானம் நிறைவேற்றவேண்டும். கருவி பழுதுற்ற நாளில் கையால் எழுதிக் கொடுத்த இரசீதின் தேதியே செலுத்திய தேதியாகக் கொள்ளப்படும் என்பதையும் அத்தீர்மானத்தில் சேர்த்து, மேலிடத்தின் ஒப்புதலைக் கேட்டுப் பெறவேண்டும். இதற்கு ஒரு காசும் செலவில்லை.

அம்முதியவர் அடுத்த ஆண்டும் வந்தார். இம்முறை தவணை நாளுக்குப் பத்து நாள் முன்னதாகவே வந்துவிட்டார். "பெட்டிக்கு உடம்பு சரியில்லாம போறதுக்குள்ள கட்டிடலாம்னு வந்தேனுங்க" என்று நம்மிடம் கூறினார். அந்தப் பத்து நாளுக்கு அவர் பணத்தைக் கைமாற்றாக வேறொருவரிடம் வாங்கியிருந்தார் என்பதைப் பின்னர் அறிந்தோம். சங்கத்தின் கருவியை நம்ப முடியாமையால் அங்கத்தினர் வெளியே கடன் படுவது, எக்காரணத்திற்காகச் சங்கம் பிறந்ததோ அக்காரணத்தையே அழிப்பதாகும். நிர்வாகக் குழுவினர் அடுத்த கூட்டத்திலேயே இப்பொருளை நிகழ்ச்சி நிரலில் சேர்த்து ஆராய்வார்களாக.